மூச்சடக்கலும் மூழ்குதலும்: மேசை விளையாட்டு நடத்துநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளைத் தமிழில் நடத்துகிறவர்கள், கதைக்குள் ஆறோ கடலோ வந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே. அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆட்டத்தை நடத்துபவரை நடத்துநர் என்றும், பாத்திரங்களை ஏற்பவர்களை ஆட்டக்காரர்கள் என்றும், பாத்திரத்தின் உடல் தாங்குதிறனை உடலுறுதி என்றும், அதனால் பகடையோடு கூட்டவோ கழிக்கவோ வேண்டிய எண்ணைக் கூட்டெண் என்றும், பகடை எட்ட வேண்டிய எண்ணை இலக்கெண் என்றும் குறிப்பிடுகிறேன். ஒரு சுற்று என்பது ஆறு விநாடி; அதில் ஒவ்வொருவரும் செயல்படும் தருணத்தை அவருடைய முறை என்கிறேன்.

மூழ்குவதற்கென்று தனி விதி எதற்கு? அந்த நேரத்தில் நடத்துநர் சொல்வதே விதி என்று வைத்துக்கொண்டால் போதாதா?

தண்ணீர் வெறும் பின்னணியாக இருக்கும் வரை போதும். தோணியில் போகிறார்கள், ஒருவர் தவறி விழுகிறார், அடுத்தவர் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார் என்றால் அதற்கு எந்தப் பகடையும் தேவையில்லை. ஆனால் தண்ணீர் உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்றாகக் காட்சிக்குள் வந்துவிட்டால், நடத்துநரின் அப்போதைய மனநிலை மட்டுமே ஒருவருடைய பாத்திரத்தின் உயிரைத் தீர்மானிப்பது நியாயமாக இராது. அதிலும் வாள் வெட்டுக்கு உயிர்ப்புள்ளிகள் என்ற, அடிபட அடிபடக் குறையும் பொதுக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. மூச்சுக்கு அப்படி ஒரு கணக்கு எல்லார் கண்ணிலும் படும்படி இருப்பதில்லை.

நியாயமான மூழ்கல் விதிக்கு நான் மூன்று சோதனைகள் வைக்கிறேன். ஒவ்வொரு முடிவை எடுப்பதற்கு முன்பும் தன்னிடம் எவ்வளவு மூச்சு மிச்சம் என்று ஆட்டக்காரருக்குத் தெரிய வேண்டும்; அவர் எடுக்கும் முடிவு அந்த மிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்; அவருடைய கை ஓய்ந்த பிறகும், சாவுக்கு முன்பு, மற்றவர்கள் குறுக்கிட ஓர் இடைவெளி இருக்க வேண்டும். எத்தனை விநாடி என்பது இவற்றுக்கெல்லாம் பிறகு வருகிற கேள்வி. பெரும்பாலான விவாதங்கள் அந்த விநாடிக் கணக்கிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன என்பது என் குறை.

உண்மையில் மனிதரால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும்?

பயிற்சி இல்லாத, உடல்நலமுள்ள ஒருவர் அசையாமல் இருந்தால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை, சிலர் அதற்குச் சற்று மேலும் தாங்குவார்கள். நீந்தினாலோ போராடினாலோ அந்த அளவு சட்டென்று சுருங்கிவிடும். மூச்சு விட்டே ஆக வேண்டும் என்ற தவிப்பை முதன்மையாகத் தூண்டுவது உயிர்வளி குறைவது அன்று, இரத்தத்தில் கரியமிலவாயு ஏறுவதே. தசைகள் உழைக்க உழைக்க அது வேகமாக ஏறுகிறது.

மறுமுனையில் நம்ப முடியாத எண்கள் இருக்கின்றன. பிரான்சைச் சேர்ந்த ஸ்டெஃபான் மிஃப்சூத் 2009-இல் 11 நிமிடம் 35 விநாடி மூச்சடக்கினார். குரோவேசியாவின் புதிமிர் ஷோபாத் 2021-இல் 24 நிமிடம் 37 விநாடி தாங்கினார். ஆனால் அவர் முன்னதாகத் தூய உயிர்வளியைச் சுவாசித்துக்கொண்டு இறங்கியவர். இருவருமே தண்ணீரில் அசையாமல் மிதந்தவர்கள். இந்த எண்களைக் காட்டித் தன் வீரனுக்குப் பத்து நிமிடம் கேட்கிற ஆட்டக்காரரிடம், உங்கள் வீரன் பத்து நிமிடமும் குப்புற மிதக்கத் தயாரா என்று கேட்டால் போதும்.

நமக்கு நெருக்கமான இரண்டு எடுத்துக்காட்டுகள் இன்னும் பயன்படும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் நீருக்கடியில் இருந்தது ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேரில் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கீழே போக நீந்தவில்லை, கல் இழுத்துச் சென்றது. மேலே வரவும் நீந்தவில்லை, தோணியில் இருந்தவர் கயிற்றை இழுத்தார். அந்த ஒரு நிமிடத்தின் பெரும்பகுதி சிப்பி பொறுக்கவே செலவாயிற்று. சபாவின் செம்பூர்ணா கடற்பகுதியிலும் இந்தோனேசியாவிலும் வாழும் பஜாவ் மக்களின் திறன் வேறு வகை. சுலாவெசியில் செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய மண்ணீரல் அண்டையிலுள்ள சலுவான் மக்களுடையதை விட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரியது என்று கண்டது; மண்ணீரல் சுருங்கும்போது சிவப்பணுக்கள் கூடுதலாக இரத்தத்துக்கு வருகின்றன.

இவற்றிலிருந்து விதிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி பெற்ற பாத்திரத்துக்கு மூச்சின் அளவைக் கூட்டுவதை விட, ஒவ்வொரு செயலுக்கும் செலவாகும் மூச்சைக் குறைப்பதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

அச்சில் உள்ள விதிகள் என்ன சொல்கின்றன? அவற்றில் எது நியாயமானது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, ஒரு பாத்திரம் மூச்சடக்கும் நேரம் ஒன்றோடு உடலுறுதிக் கூட்டெண்ணைக் கூட்டினால் வரும் நிமிடங்கள். எவ்வளவு குறைந்தாலும் அரை நிமிடம் உண்டு. அது தீர்ந்தால் கூட்டெண் அளவுக்குச் சுற்றுகள், குறைந்தது ஒரு சுற்று, தாங்கலாம். அதற்கு அடுத்த முறை தொடங்கியதும் உயிர்ப்புள்ளி பூச்சியமாகி, மீண்டும் மூச்சு விடும்வரை எந்தச் சிகிச்சையும் பலிக்காது.

கூட்டெண் +2 உள்ள பாத்திரத்துக்கு மூன்று நிமிடம், அதாவது 30 சுற்று கிடைக்கிறது. ஒரு சண்டை பெரும்பாலும் ஐந்தாறு சுற்றுக்குள் முடிந்துவிடும். ஆகவே நீருக்கடியில் நடக்கும் எந்தச் சண்டையிலும் இந்த விதி தலைகாட்டாது. தலைகாட்டும் இடத்திலோ, 30 சுற்றுகள் ஒன்றுமே ஆகாமல் இருந்துவிட்டு, இரண்டே சுற்றில் எல்லாம் முடிந்துவிடும். கூட்டெண் −1 ஆனால் ஐந்து சுற்று, பூச்சியமானால் பத்து, +1 ஆனால் இருபது என்று தாவுவதும் சரியில்லை. நான் வைத்த மூன்று சோதனைகளில் முதலாவதில் மட்டுமே இது தேறுகிறது.

2024 திருத்தம் மேம்பட்டது. மூச்சடக்கும் நேரம் பழையபடிதான். ஆனால் அது தீர்ந்த பிறகு ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஒரு சோர்வு நிலை ஏறுகிறது, ஆறாவது நிலையில் மரணம். ஒவ்வொரு நிலையும் இருபது பக்கப் பகடையில் இரண்டைக் கழித்து, நகரும் தூரத்தில் ஐந்து அடியைக் குறைக்கிறது. 30 அடி நகரும் பாத்திரம் நீச்சலில் 15 அடிதான் போகும். மூன்றாம் சோர்வு நிலையில் அது ஏழரை அடியாகிவிடும். திரும்பிப் போக முடியாத எல்லை எது என்று ஆட்டக்காரரே கணக்கிட்டு அஞ்ச முடிகிறது, அது நல்ல விதியின் அடையாளம். சாகும் கணம் வரை மயங்காமல் விழித்தே இருப்பதுதான் இதன் விசித்திரம்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு சுற்றுகளில் எண்ணுகிறது: ஐந்தோடு உடலுறுதிக் கூட்டெண். தாக்கினாலோ மந்திரம் ஏவினாலோ அந்த முறைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு சுற்று மூச்சு போகும், வாய்திறந்து பேசினால் மிச்சம் முழுவதும் போய்விடும். செலவுக்கணக்கு என்ற அளவில் நான் பார்த்தவற்றில் இதுவே செம்மையானது. ஆனால் மூச்சு தீர்ந்தவுடன் மயக்கம், பிறகு இலக்கெண் 20-க்கு ஒரு பகடை. பத்தோ அதற்கு மேலோ குறைந்து தோற்றால் உடனே சாவு. வளர்ச்சியின் முதல் நிலையில் உள்ள, உடலுறுதிக் கூட்டெண் இல்லாத மந்திரவாதி பயிற்சியால் வரும் +3-ஐ மட்டும் வைத்து உருட்டுகிறார் என்றால், பகடையில் 1 முதல் 7 வரை எது விழுந்தாலும் அவர் அந்த இடத்திலேயே இறக்கிறார். நூற்றுக்கு 35. தோழர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நூற்றுக்கு 35 என்பது கடுமை.

கர்ப்ஸ் என்ற விளையாட்டின் விதிகள் உழைப்பைப் பொறுத்து அளக்கின்றன: அசையாமல் இருந்தால் உடல்நல எண்ணின் பத்து மடங்கு விநாடிகள், இலேசான உழைப்புக்கு நான்கு மடங்கு, கடும் உழைப்புக்கு அந்த எண் அளவே. சராசரி மனிதரின் எண் 10 என்பதால் 100, 40, 10 விநாடிகள். உடலியலுக்கு இதைப் போல் நெருக்கமானது இல்லை. ஆனால் ஒவ்வொரு விநாடியையும் தனித்தனியாக எண்ணுகிற ஆட்டமாக இருந்தால்தான் இது எளிது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய மூன்றாம் பதிப்பையும் அதன் திருத்தமான 3.5-ஐயும் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. மூழ்கத் தொடங்கியவரின் உயிர்ப்புள்ளி பூச்சியமாகும் என்று அந்த விதி எழுதியிருந்ததால், −9-இல் சாகக் கிடப்பவரின் தலையை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினால் அவர் பூச்சியத்துக்கு ஏறிவிடுவார் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். விதியை எழுதும்போது “ஆகும்” என்பதற்கும் “குறையும்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சரி, நீங்கள் பரிந்துரைக்கும் விதிதான் என்ன?

காய்களை வைத்து எண்ணுகிற விதி. கேரம் காயோ, பத்து சென் நாணயமோ, கையில் இருப்பது எதுவாயினும் சரி. எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் இருக்க வேண்டும்.

மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கும் பாத்திரம் ஆறோடு உடலுறுதிக் கூட்டெண்ணைக் கூட்டி அத்தனை காய்கள் பெறும், குறைந்தது மூன்று. எதிர்பாராமல் விழுந்தால் அதில் பாதி, பின்னம் வந்தால் விட்டுவிடலாம். தன் முறையின் முடிவில் அசையாமல் இருந்தவரும் நிதானமாக நீந்தியவரும் ஒரு காயை இழப்பார்கள். சண்டையிட்டவர், கதவை நெம்பியவர், இன்னொருவரை இழுத்துச் சென்றவர் இரண்டு. முழு வேகத்தில் இரட்டைத் தூரம் நீந்தியவர் மூன்று. பலத்த அடி வாங்கினால் அப்போதே கூடுதலாக ஒன்று. முத்துக் குளிப்பவர் போன்ற பின்னணி உள்ளவருக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட எல்லாச் செலவிலும் ஒன்று குறையும்.

காய் தீர்ந்தால் திணறல். அடுத்த முறை தொடங்கும்போது இருபது பக்கப் பகடையை உருட்டி உடலுறுதிக் கூட்டெண்ணைக் கூட்ட வேண்டும். இலக்கெண் 10, பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு ஏறும். வென்றால் நகரலாம் அல்லது ஒரு செயல் செய்யலாம், இரண்டும் முடியாது. தோற்றால் மயக்கம். மயங்கியவருக்காக நடத்துநர் மேசை நடுவில் மூன்று காய்களை வைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒன்றை எடுக்கிறார். அவை தீர்வதற்குள் காற்றுக்குக் கொண்டுவந்தால் பிழைத்தார். தீர்ந்துவிட்டால் உயிர்ப்புள்ளி பூச்சியமாகக் குறைந்து, நீங்கள் ஆடும் விளையாட்டின் வழக்கமான சாவு விதிகள் தொடங்கும். இந்த விதியில் மூழ்குதல் தானாக யாரையும் கொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட மருத்துவ வரையறையும் மூழ்குதலை, நீரில் அகப்பட்டு மூச்சு தடைபடும் ஒரு நிகழ்முறையாகவே கொள்கிறது. அதன் முடிவு மரணமாகவோ, பாதிப்பாகவோ, முழு நலமாகவோ இருக்கலாம்.

கூட்டெண் +2 உள்ளவர் திணறலில் முதல் பகடையை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 65, அடுத்தது 55, அதற்கடுத்தது 45. தொடர்ந்து இரண்டை வெல்வது ஏறத்தாழ 36, மூன்றையும் வெல்வது 16. நம்பிக்கைக்கு இடமும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு விளக்க முடியுமா?

கோலாலம்பூரில் 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ள வடிகால். அதன் ஒரு பகுதிக்குள் இரண்டு அடுக்குச் சாலை ஓடுகிறது. பெருவெள்ளம் வந்தால் வண்டிகளையெல்லாம் வெளியேற்றிவிட்டுச் சாலைப் பகுதியிலும் தண்ணீரை விடுவார்கள். இதைவிடச் சிறந்த நிலவறையை எந்த நடத்துநரும் கற்பனை செய்துவிட முடியாது என்பதால், அதையே ஒரு பழங்கால நகரத்தின் வடிகாலாக மாற்றிக்கொள்வோம்.

தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது. உள்ளே இருவர்: கூட்டெண் +3 உள்ள வீராங்கனையிடம் ஒன்பது காய், −1 உள்ள மந்திரவாதியிடம் ஐந்து. இரும்புக் கதவை நெம்பித் திறக்க இரண்டு சுற்று ஆகும். அதற்கு அப்பால் காற்று இருக்கும் இடம் 60 அடி தொலைவு. கதவு திறக்கும்போது வீராங்கனையிடம் ஐந்து காய், சும்மா காத்திருந்த மந்திரவாதியிடம் மூன்று. நிதானமாக நீந்தினால் சுற்றுக்கு 15 அடி, நான்கு சுற்று. மந்திரவாதிக்கு ஒரு காய் போதாது. முழு வேகத்தில் போனால் இரண்டு சுற்றில் எட்டலாம், ஆனால் ஆறு காய் வேண்டும். தொடக்கத்திலிருந்தே வீராங்கனை அவரை இழுத்துச் சென்றால் எட்டு காய் வேண்டும், அவளிடம் அது இல்லை.

வழி இருக்கிறது. முதல் மூன்று சுற்று இருவரும் தனித்தனியே நிதானமாக நீந்துகிறார்கள். மந்திரவாதியிடம் ஒன்றும் இல்லை, வீராங்கனையிடம் இரண்டு. நான்காம் சுற்றில் மந்திரவாதி திணறல் பகடையை வென்றாலும் தோற்றாலும், வீராங்கனை தன் கடைசி இரண்டு காய்களைக் கொடுத்து அவரை இழுத்துக்கொண்டு மேலே வருகிறாள். இந்தக் கணக்கை ஆட்டக்காரர்கள் தாங்களே காய்களைத் தள்ளித் தள்ளிக் கண்டுபிடிக்கும்போது மேசையில் எழும் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். நடுவில் ஒரு முதலையை விட்டால் கணக்கு முழுவதும் மாறிவிடும். அதை உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பல மூச்சு இழுத்துக்கொள்கிறேன் என்று ஆட்டக்காரர் சொன்னால்?

இதற்கு நியாயமான விடை, ஆம் என்பதும் ஆபத்து என்பதும் சேர்ந்தது. அப்படி மூச்சு வாங்கினால் உடலில் உயிர்வளி பெரிதாகக் கூடுவதில்லை, கரியமிலவாயு குறைகிறது. அதனால் தவிப்பு தாமதமாக வருகிறது, சிலருக்குத் தவிப்பு வருவதற்கு முன்பே உயிர்வளி தீர்ந்து நினைவு போய்விடுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் நீச்சல் குளத்திலேயே இறப்பதற்கு இது ஓர் அறியப்பட்ட காரணம்.

ஆட்டத்தில் இதைக் காட்ட எனக்குப் பிடித்த வழி இது: அவருக்கு இரண்டு காய் கூடுதலாகக் கொடுங்கள், ஆனால் அவருடைய காய்கள் அனைத்தையும் நடத்துநர் தன் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எண்ணட்டும், காய் தீர்ந்தால் திணறல் இல்லாமல் நேரே மயக்கம். மிச்சம் தெரிய வேண்டும் என்று நானே மேலே வைத்த சோதனைக்கு இது முரண் என்று சிலர் சொல்வார்கள். எச்சரிக்கையை விற்றுத்தான் நேரத்தை வாங்குகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து ஆட்டக்காரரே தேர்ந்தெடுப்பதால் நான் இதை ஏற்கிறேன். இறங்குவதற்கு முன் அவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

நீருக்கடியில் மந்திரம் சொல்லலாமா?

சொல்லலாம், இரண்டு காய் கூடுதலாகப் போகும். பாத்ஃபைண்டர் போல மிச்சம் முழுவதையும் பறிப்பது மந்திரவாதிகளைச் சும்மா உட்கார வைத்துவிடுகிறது. வாய்ச்சொல் தேவையில்லாத மந்திரத்துக்கு இந்தக் கூடுதல் இல்லை.

நீரில் மூச்சுவிடச் செய்யும் மந்திரம் தனிக் கவலை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் அது மூன்றாம் நிலை மந்திரம். பத்துப் பேருக்கு 24 மணி நேரம் நிற்கும், சடங்காகச் செய்தால் மந்திரச் செலவும் இல்லை. அது கைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குழுவுக்கு மூழ்குதல் என்ற பயமே இல்லை. சில நடத்துநர்கள் அதைத் தடைசெய்கிறார்கள். நான் செய்யமாட்டேன், பாடுபட்டு வளர்த்த பாத்திரத்துக்கு அந்தப் பயத்தைக் கடந்துபோகும் உரிமை உண்டு. அதன் பிறகு தண்ணீர் ஆபத்தாக இருக்காது, போய்ப் பார்க்க வேண்டிய இடமாக இருக்கும், அவ்வளவே.

கவசம் அணிந்தவர்?

கனமான உலோகக் கவசத்தோடு நீந்துவதற்குச் சுற்றுக்கு ஒரு காய் கூடுதல். கழற்ற நேரமிருந்தால் கழற்றட்டும். அதற்கு மேல் சிக்கலாக்க வேண்டாம்.

ஒருவர் மூழ்குவதை மற்றவர்கள் எப்படி அறிவார்கள்?

நடத்துநர்கள் மிகக் குறைவாக யோசிக்கும் இடம் இதுதான். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்று நம் மனத்தில் ஒரு படம் பதிந்திருக்கிறது. உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா பல மூழ்கல் காட்சிகளைப் படமெடுத்து ஆராய்ந்து சொன்னது அதற்கு நேர்மாறானது. நீந்தத் தெரியாமல் மூழ்குகிறவரால் கூப்பிட முடியாது, ஏனென்றால் வாய் நீர்மட்டத்துக்கு மேல் வரும் சிறு இடைவெளி மூச்சு விடவே போதாது. கையை உயர்த்தவும் முடியாது, கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்துகின்றன. உடல் செங்குத்தாக நிற்கும், கால் உதைப்பு ஏறத்தாழ இராது. மேற்பரப்பில் இந்த நிலை 20 முதல் 60 விநாடி வரையே நீடிக்கும். ஆட்டக் கணக்கில் மூன்று முதல் பத்து சுற்று.

ஆகவே மேற்பரப்பில் தத்தளிக்கும் பாத்திரத்தை ஏற்றிருப்பவர் தன் பாத்திரத்தின் வாயால் எதுவும் பேசக் கூடாது என்றும், மற்றவர்கள் தங்கள் முறையில் அந்தத் திசையைப் பார்க்கிறேன் என்று சொன்னால் மட்டுமே கவனிப்புப் பகடை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை நேர்மையாக ஆடத் தெரிந்த குழுவில் இது அருமையாக அமையும். அது இன்னும் பழகாத புதிய குழுவில் இதை விட்டுவிடுங்கள்.

காப்பாற்றப் போகிறவருக்கு என்ன ஆபத்து? காப்பாற்றிய பிறகு?

திணறலில் இருப்பவர் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வார், காப்பாற்ற வந்தவரையும் சேர்த்து. வெறுங்கையோடு நெருங்கினால் வலிமைப் போட்டிப் பகடை. தோற்றால் இருவரும் கீழே போகிறார்கள், வந்தவர் இரண்டு காயை இழக்கிறார். கயிறோ துடுப்போ வேட்டியோ நீட்டினால் பகடை தேவையில்லை. மயங்கியவர் பிடிக்கமாட்டார் என்பதால், அவர் மயங்கும்வரை காத்திருக்கலாமா என்ற கொடிய கேள்வியும் இதிலிருந்து எழும். எழட்டும்.

கரைக்கு வந்த பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கும் திரைப்பட வழக்கத்தை விதியில் சேர்க்காதீர்கள். உண்மை மருத்துவத்தில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் தேவைப்படுவது காற்று. அதனால்தான் மூழ்கியவர்களுக்கான முதலுதவி வாயோடு வாய் வைத்து ஊதுவதிலிருந்து தொடங்குகிறது. ஆட்டத்தில் ஒருவர் ஒரு முழுச் செயலைச் செலவிட்டு இலக்கெண் 10-க்கு மருத்துவப் பகடை உருட்டினால் மயக்கம் தெளியட்டும். எழுந்தவர் நீண்ட ஓய்வு எடுக்கும்வரை காய்களில் பாதிதான் பெறுவார். இவை ஆட்ட விதிகள் மட்டுமே. மேசைக்கு வெளியே யாரேனும் மூழ்கினால் 999-ஐ அழைப்பதும் முறையாகப் பயின்ற முதலுதவியுமே வழி.

குளிர்நீருக்குத் தனி விதி வேண்டுமா?

கதை பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நடந்தால் வேண்டாம். கதை வடகடலில் நடந்தால் கட்டாயம் வேண்டும். 15 பாகைக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் உடல் தன்னையறியாமல் பெருமூச்சு இழுக்கிறது, மூச்சடக்கும் திறன் சில விநாடிகளாகச் சுருங்குகிறது. முதல் முறையில் இலக்கெண் 12-க்கு உடலுறுதிப் பகடை, தோற்றால் காய்களில் பாதி போயிற்று. ஆனால் அதே குளிர் மூளையின் தேவையைக் குறைப்பதால், பனிநீரில் மயங்கியவருக்கு மேசை நடுவில் மூன்றுக்குப் பதில் ஆறு காய் வையுங்கள். வெப்ப நாட்டில் வளர்ந்த நமக்கு இந்த இரண்டாவது பாதி எளிதில் தோன்றுவதில்லை.

பாத்திரம் மூச்சடக்கும்போது ஆட்டக்காரரும் உண்மையிலேயே மூச்சடக்கட்டும் என்று ஒருவர் யோசனை சொல்கிறார்.

வேண்டாம். ஆஸ்துமா உள்ளவரின் வீரன் தோற்பதும், பாட்டுப் பயிற்சி பெற்றவரின் நோஞ்சான் மந்திரவாதி வெல்வதும் பாத்திரத்தின் எண்களைப் பொருளற்றதாக்கிவிடும். புகைமூட்டக் காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆடும் நாளில் இதைச் செய்யச் சொல்வது பண்பும் அன்று. நேரநெருக்கடி வேண்டுமென்றால் மணல் கடிகாரத்தை வைத்து, முடிவெடுக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

இந்தக் காட்சி யாரையேனும் நோகச் செய்யுமா?

செய்யலாம், அதிலும் பினாங்கில் ஆடும்போது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்த கரைகளில் இறந்தவர்கள். அன்று கடற்கரையில் இருந்த ஒருவரோ, உறவை இழந்த ஒருவரோ உங்கள் மேசையில் இருக்கக்கூடும். அவர் அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்பதில்லை. அலை, வெள்ளம், மூழ்குதல் ஆகியவை கதையில் வரும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லி, வேண்டாம் என்பதைத் தனியாகத் தெரிவிக்க வழி வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபௌலாஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டை, அதாவது காரணம் கேட்கப்படாமல் காட்சியை நிறுத்த யாரும் தொடக்கூடிய ஓர் அட்டை, பல குழுக்களில் இதற்குப் போதுமானதாக இருக்கிறது. அட்டையைத் தொட்டவரிடம் ஏன் என்று கேட்காமலிருப்பதுதான் கடினம். நம் ஊர் விசாரிப்புப் பழக்கம் அங்கே குறுக்கே வரும்.

முதலை போன்ற விலங்குகள், வேற்றினப் பாத்திரங்கள்?

விதி நூலில் தனி நேரம் கொடுக்கப்பட்டிருந்தால் அவற்றுக்குக் காய் தேவையில்லை. 2014 விதிகளில் முதலை 15 நிமிடம் மூச்சடக்கும். எந்தச் சண்டையும் அவ்வளவு நீளாது. இயந்திர உடலினர் மூச்சே விடுவதில்லை. பிற இனங்கள் எல்லாவற்றையும் மனிதரைப் போலவே எண்ணுங்கள்.

புகை, மணல், நச்சுக்காற்று ஆகியவற்றுக்கும் இதே காய்கள் போதுமா?

மணலுக்கும் மண்சரிவுக்கும் அப்படியே பொருந்தும். அசைய முடியாது என்பதால் சுற்றுக்கு ஒரு காய்தான் போகும், ஆனால் தோண்டி எடுப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம். புகைக்கு ஒரு மாற்றம் தேவை. தண்ணீரில் இடையில் ஒரு மூச்சு இழுக்க முடியாது; புகையில் முடியும், அந்த மூச்சே நஞ்சு. ஆகவே புகையில் காய் தீர்ந்தவருக்குத் திணறல் பகடை இல்லாமல், மூச்சு இழுத்து மூன்று காய்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நச்சுச் சேதம் ஏற்கும் தேர்வைக் கொடுங்கள். சேதம் முதல் முறை ஓர் ஆறு பக்கப் பகடை, அடுத்த முறை இரண்டு, அதற்கடுத்து மூன்று. தரையோடு தவழ்கிறவருக்கு அந்தப் பகடைகளில் ஒன்று குறையும், நகரும் தூரமும் பாதியாகும்.